வால்ட்ஃபியர்டல் காட்டில் மூணு வயசுக்காரனோடு நடக்க முடியுமா?

கேள்வி, 3 மே 2023

வியன்னாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. மகளுக்கு 7, மகனுக்கு 3. ஆஸ்திரியாவில் இருந்துகொண்டு இன்னும் ஒரு மலைகூட ஏறவில்லையா என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஆல்ப்ஸ் என்றால் பயம், கேபிள் கார் கட்டணத்தைப் பார்த்தால் அதைவிடப் பயம். அலுவலகத்தில் ஒருவர் வால்ட்ஃபியர்டல் போங்கள் என்றார். இன்னொருவர், அங்கே என்ன இருக்கிறது, உருளைக்கிழங்கும் பனிமூட்டமும்தான் என்றார். சின்னப் பிள்ளைகளோடு அங்கே நடந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். தள்ளுவண்டி போகுமா?

3 மே 2023, இரவு

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. உருளைக்கிழங்கும் உண்டு, பனிமூட்டமும் உண்டு. "ஒன்பது மாதம் குளிர்காலம், மிச்சம் மூன்று மாதம் குளிர்" என்று அந்தப் பக்கத்துக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அங்கே இருக்கும் ஸ்வெட்டல் மடத்தில் 1929 பிப்ரவரியில் மைனஸ் 36.6 டிகிரி பதிவானது. நல்லவேளை, நீங்கள் கேட்பது மே மாதத்தில்.

போங்கள். என் பிள்ளைகளுக்கு இப்போது 8, 4. இரண்டு வருஷமாக மாதம் ஒரு தடவையாவது அங்கேதான் போகிறோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஆல்ப்ஸுக்குக் கூட்டிப் போனேன். உச்சியில் எல்லோரும் சிகரங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க, என் மகள் கேபிள் கார் நிலையத்து வாசலில் கொட்டிக் கிடந்த ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்துக் காட்சியெல்லாம் நமக்குத்தான், அவர்களுக்குக் கைக்கு எட்டுகிற இடத்தில் ஏதாவது வேண்டும். கல், குச்சி, தண்ணீர், எறும்புப் புற்று. வால்ட்ஃபியர்டலில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால்தான் சொல்கிறேன்.

கீழ் ஆஸ்திரியா மாநிலத்தை நான்கு கால்பங்காகச் சொல்வது பழைய வழக்கம். வால்ட்ஃபியர்டல் என்றால் காட்டுக் கால்பங்கு. டான்யூபுக்கு வடக்கே செக் எல்லை வரைக்கும் மேடும் பள்ளமுமாக, அடர்ந்த ஊசியிலைக் காடாக இருக்கும். ஆயிரம் மீட்டரைத் தாண்டும் குன்றுகள் கொஞ்சம்தான். தள்ளுவண்டி பற்றி நாளைக்கு எழுதுகிறேன், சின்னவன் எழுந்துவிட்டான்.

4 மே 2023

முதல் தடவை போகிறவர்கள் க்முண்ட் ஊரில் இருக்கும் பிளாக்ஹைடேவில் ஆரம்பியுங்கள். வியன்னாவில் ஃப்ரான்ஸ் யோசெஃப் ஸ்டேஷனிலிருந்து ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காடும் புல்வெளியும் மாறி மாறி வரும், நடுநடுவே யானை அளவு கருங்கல் உருண்டைகள். ஒன்றின் மேல் ஒன்று, சிலது விழப்போகிற மாதிரி. ஒரு கல்லுக்குப் பிசாசின் ரொட்டி என்று பெயர், இன்னொன்று காளான் கல்.

இதை யார் உருட்டிவிட்டார்கள் என்று பெரியவள் கேட்டாள். யாரும் உருட்டவில்லை. பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு இறுகிக் கல்லானது, விரிசல் விட்டது, விரிசலில் தண்ணீர் இறங்கி மண்ணுக்குள் இருக்கும்போதே மூலைகளை அரித்துவிட்டது, அப்புறம் மேல்மண் கரைந்துபோக உருண்டைகள் மட்டும் வெளியே நிற்கின்றன. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஐஸ் கட்டி ஒன்றைத் தட்டில் போட்டுக் காட்டினேன், மூலைதான் முதலில் கரைகிறது. உடனே புரிந்துவிட்டது.

அங்கேயே இன்னொரு விஷயம்: கிழக்கு 15 டிகிரி தீர்க்கரேகை அந்தப் பூங்கா வழியாகப் போகிறது, அடையாளக் கல்லும் நட்டிருக்கிறார்கள். மத்திய ஐரோப்பாவின் கடிகார நேரம் முழுக்க அந்த ரேகையின் சூரிய நேரம்தான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்திருப்பதால், இப்போது போனால் மத்தியானம் கிட்டத்தட்ட 1 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும். குச்சி நட்டுப் பார்த்தோம். அதாவது நான் பார்த்தேன். சின்னவன் அந்தக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

4 மே 2023, பிற்பாடு

தள்ளுவண்டி: அகலமான பாதைகளில் போகும். கற்களுக்குப் பக்கத்தில் போகும் குறும்பாதைகளில் வேர்களும் கல்லும்தான், போகாது. முதல் தடவை நான் கொண்டுபோனேன், ஒரு மணி நேரம் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், பிள்ளையும் அதற்குள்ளேயே இருந்தான். முதுகில் மாட்டும் பிள்ளைக்கூடை ஒன்று வாங்கிவிடுங்கள், இங்கே கிராக்ஸெ என்பார்கள். பழையது மலிவாகக் கிடைக்கும். மூணு வயசுக்காரன் கூடை, பை எல்லாம் சேர்த்து இருபது கிலோவை நெருங்குவான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

7 மே 2023

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டரைத் தேடாதீர்கள், பெரும்பாலும் நேரம்தான் போட்டிருக்கும். அந்த நேரம் வளர்ந்த ஆளுக்கானது. கணக்கு இப்படி: சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏறும்போது மணிக்கு 300 மீட்டர் உயரம், இறங்கும்போது 500. ஆறு கிலோமீட்டர், 200 ஏறி 200 இறங்க வேண்டும் என்றால், தூரத்துக்கு 90 நிமிஷம், ஏற்றத்துக்கு 40, இறக்கத்துக்கு 24. மொத்தம் 154.

சின்னப் பிள்ளை இருந்தால் இதை இரண்டால் பெருக்குங்கள். வயதுக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும், உங்கள் மகனுக்கு மூன்று, அதற்கு மேல் ஒரு அடிகூடத் திட்டமிடாதீர்கள்.

8 மே 2023

கணக்கில் தப்பு செய்துவிட்டேன். மலைக் கழகத்தில் இருக்கும் நண்பர் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தார். மூன்றையும் அப்படியே கூட்டக்கூடாது. ஏற்றம் இறக்கம் இரண்டையும் சேர்த்தால் 64, தூரத்துக்கு 90. இதில் பெரியதை முழுசாகவும் சிறியதைப் பாதியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்: 90, கூட 32, ஆக 122 நிமிஷம். அதாவது பலகையில் சுமார் இரண்டு மணி நேரம் என்று இருக்கும்.

இரண்டால் பெருக்குவது மட்டும் மாறவில்லை. பெரியவள் தனியாக வந்தால் ஒன்றரையால் போதும்.

19 மே 2023

நேற்று விடுமுறை, ஷ்ரெம்ஸ் போனோம். அங்கே ஒரு பெரிய கரிச்சதுப்பு நிலம், அதன் நடுவே மரத்தால் கட்டிய 20 மீட்டர் கோபுரம், வானத்து ஏணி என்று பெயர். 108 படி. இதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோவில் சொன்னதும், படிக்கு ஒரு போற்றி சொல்லிக்கொண்டே ஏறச் சொல் என்றாள். சின்னவன் போற்றி சொல்லவில்லை, எண்ணினான். அவனுக்கு இருபது வரைதான் சரியாக வரும், அதனால் இருபதை ஐந்தாறு தடவை எண்ணி மேலே போய்ச் சேர்ந்தான். எங்கும் தூக்கவில்லை.

சதுப்பின் தண்ணீர் கட்டங்காப்பி மாதிரி இருக்கும். அழுக்கு இல்லை, மக்கிய செடிகொடிகளின் சாறு. அந்தப் பக்கத்துக் குளங்கள், ஆறுகள் பலவற்றிலும் இதே நிறம்தான், குளிக்கலாம். அப்புறம் அங்கேயே நீர்நாய்கள் இருக்கின்றன, உணவு கொடுக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். நாங்கள் பார்க்காமல் போனோம், ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். வழியில் சாப்பிடலாம் என்று நம்பி ஒரு கிராமத்து உணவு விடுதிக்குப் போனால் வாசலில் வாரவிடுமுறை என்று பலகை. அடுத்த ஊரிலும் அதேதான். திங்கள், செவ்வாய் என்றால் இது சகஜம், நேற்று எதனால் என்று தெரியவில்லை. காரில் மிச்சமிருந்த முறுக்கு காப்பாற்றியது. அதற்கப்புறம் புளிசாதம் இல்லாமல் கிளம்புவதில்லை என்று முடிவு.

21 மே 2023

உண்ணி. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். ஷ்ரெம்ஸிலிருந்து வந்த இரவு குளிப்பாட்டும்போது பார்த்தோம், ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் பெரியவளின் முழங்காலுக்குப் பின்னால், எள் அளவு கறுப்பு. கால் முளைத்த எள்.

இந்த நாட்டு உண்ணி இரண்டு நோய்களைக் கொண்டுவரலாம். ஒன்று மூளைக்காய்ச்சல், இங்கே எஃப்.எஸ்.எம்.இ. என்பார்கள், அதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்று தவணை, அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு முறை. பிள்ளைகளுக்கும் போடுவார்கள், இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் வந்து ஒரு வருஷம்தான் என்றால் பெரும்பாலும் இன்னும் போட்டிருக்க மாட்டீர்கள், நடைக்குப் போகுமுன் பிள்ளை மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று போரெலியா, அதற்கு ஊசி இல்லை. கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளிலோ சில வாரத்திலோ சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போகவேண்டும், ஆன்டிபயாடிக் தருவார்கள். கடித்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எடுப்பதற்குக் கூர்மையான இடுக்கி போதும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்கவேண்டும்.

22 மே 2023

உண்ணி மேல் தேங்காய் எண்ணெய் வைத்தால் தானே விழுந்துவிடாதா என்று கேட்டால்: இல்லை, வைக்கக்கூடாது. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். எண்ணெய் வைத்தால் அது மூச்சுத் திணறிக் கக்கும், கக்குவது நம் ரத்தத்துக்குள் போகும். அம்மாவுக்கு இது ஒப்பவில்லை. மாட்டுக்கு வைத்தால் சரியாகிறதே என்கிறாள். இந்த விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

10 ஜூன் 2023

இஸ்பெர்க்லாம்! வால்ட்ஃபியர்டலின் தெற்கு ஓரத்தில், இஸ்பெர் ஆறு பாறைகளுக்கு நடுவே விழுந்து விழுந்து இறங்கும் பள்ளத்தாக்கு. மரப்பாலமும் மரப்படியுமாகத் தண்ணீரை ஒட்டியே ஏறிப்போகலாம், சுமார் 300 மீட்டர் ஏற்றம். வெயில் உள்ளே வராது, காற்றில் எப்போதும் ஈரம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பாலத்திலும் நின்று இலையை ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இதுவரை போனதில் இதுதான் சிறந்தது. எல்லோரும் போங்கள்.

11 ஜூன் 2023

ஒரு இரவு தூங்கியதும் நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஏறினது நன்றாக இருந்தது. மேலே ட்ரூயிடன்வெக் என்ற பாதை சுற்றிக்கொண்டு இறங்குகிறது, வழியில் பெரிய பாறைகள், அந்த வழியாகத்தான் வரவேண்டும். எனக்கு அவசரம், நான்கு மணி ஆகிவிட்டது, குறுக்கு வழி என்று வந்த படிகளிலேயே இறங்கலாம் என்றேன். மரப்படி நனைந்திருந்தது. எதிரே ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட ஒதுங்கும் இடத்தில் சின்னவன் வழுக்கி உட்கார்ந்துவிட்டான், நான் அவன் சட்டையைப் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் இறங்கி முடியும் வரை நான் பேசவே இல்லை என்று மனைவி சொல்கிறாள்.

ஆகையால்: நான்கு வயதுக்குக் கீழ் என்றால் கூடையில் வைத்துக்கொண்டு போங்கள், இல்லை ஒரு வருஷம் பொறுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். ஏறுகிற வழியில் இறங்கவே வேண்டாம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். மலை மீட்புக்கு எண் 140, போனில் சேமித்து வையுங்கள். நான் அன்று இரவுதான் சேமித்தேன்.

2 ஜூலை 2023

காட்டுக்குள் பாதையை விட்டுப் போகலாமா, தனியார் காடாயிற்றே என்று கேட்டால்: போகலாம். 1975-ஆம் ஆண்டு வனச் சட்டம் யாரும் பொழுதுபோக்காகக் காட்டுக்குள் நடக்கலாம் என்கிறது, காடு யாருடையதாக இருந்தாலும். மூன்று மீட்டர் வளராத இளங்கன்றுகள் நட்ட இடம், மரம் வெட்டும் இடம், தடைப்பலகை வைத்த இடம் இவற்றுக்குள் போகக்கூடாது. கூடாரம் போட்டுத் தூங்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமையாளரைக் கேட்கவேண்டும். காளான் பறித்தால் ஆளுக்கு நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கூடாது. எனக்கு இரண்டு காளான்களுக்கு மேல் அடையாளம் தெரியாது, அதனால் சட்டத்தை மீறும் வாய்ப்பு குறைவு.

வேட்டைக்காரர்களின் ஏணி மேடைகள் காட்டோரம் நிறைய இருக்கும், பார்த்ததும் பிள்ளைகள் ஏற ஓடுவார்கள். விடாதீர்கள். பழைய மரம், யாருடையதோ.

காட்டு ப்ளூபெரி இப்போது பழுக்கிறது. கடையில் வாங்குவது உள்ளே வெள்ளையாக இருக்கும், இது உள்ளேயும் நீலம். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இரண்டு பேரும் ஊதாவாக நின்றார்கள். சின்னவன் அன்றைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தான், குனிந்துகொண்டே. வயதுக்கு ஒரு கிலோமீட்டர் என்று மேலே எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். வழியில் தின்ன ஏதாவது முளைத்திருந்தால் கணக்கு வேறு.

16 ஜூலை 2023

ஆர்ம்ஷ்லாக் என்று ஒரு சின்ன ஊர், கசகசா ஊர் என்றே பெயர் வாங்கியது. வால்ட்ஃபியர்டலில் கசகசா பயிர் செய்வது பழைய தொழில். ஜூலையில் வயல் முழுக்கப் பூக்கும், வயல்களுக்கு நடுவே நடைபாதை, கிட்டத்தட்ட சமதளம், தள்ளுவண்டிக்கும் பெரிய சிரமம் இல்லை. ஒவ்வொரு பூவும் ஓரிரு நாள்தான் தாங்கும், காலையிலேயே போங்கள். நாங்கள் மத்தியானம் போனபோது பாதி இதழ் தரையில் கிடந்தது, பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது, பொறுக்கிப் பொறுக்கிப் பையில் நிரப்பினார்கள்.

நம் கடையில் வாங்கும் கசகசா வெள்ளை, இது சாம்பல் நிறம். குருமாவில் அரைத்து ஊற்றுவதைத் தவிர கசகசாவுக்கு வேறு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இங்கே உருளைக்கிழங்கு மாவில் விரல் நீளத்துக்கு உருட்டி வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி, பொடித்த கசகசாவும் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். பார்க்க மண்ணில் விழுந்த மாதிரி இருக்கும். சின்னவன் தட்டை நக்கினான். வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கி வந்து மனைவி குருமா வைத்தாள், சாம்பல் நிறக் குருமா. ருசிக்குக் குறைவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடவேண்டும்.

17 ஜூலை 2023

அந்தக் கசகசாவைத் துபாயில் இருக்கும் சொந்தக்காரருக்கு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே அது தடை. நான் நினைத்தேன், மனைவி பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள்.

20 ஆகஸ்ட் 2023

ஹார்டெக். செக் எல்லையில் தாயா ஆறு வளைந்து வளைந்து ஓடும் இடம், சுற்றிலும் தாயாடால் தேசியப் பூங்கா. ஊருக்குள் நூறு பேர்கூட இல்லை, ஆனால் அதற்கு நகரம் என்ற தகுதி, மேலே ஒரு கோட்டை. ஆற்றின் மேல் ஒரு பாலம், அந்தக் கரை செக் நாடு. கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கையும் பிரித்த இரும்புத் திரை காலத்தில் மூடிக் கிடந்து 1990-ல் திறந்த பாலம். பெரியவள் நடுவில் இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு கால் வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். இந்த இடத்தைக் கடக்க முயன்றால் ஒரு காலத்தில் சுட்டிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பத்து வயதில் சொல்லிக்கொள்ளலாம்.

உம்லௌஃப்பெர்க் என்ற குன்றை ஆறு முக்கால்வாசி சுற்றி வருகிறது. அதன் இடுப்பு மாதிரி இருக்கும் குறுகிய மேட்டைக் கடக்கும்போது இடது பக்கமும் அதே ஆறு, வலது பக்கமும் அதே ஆறு. சின்னவன் நம்பவில்லை, இரண்டு ஆறு என்றே சொல்கிறான் இன்றுவரை.

ஆஸ்திரியாவில் அற்றுப்போனதாக நினைத்த காட்டுப்பூனை 2007-ல் இந்தப் பூங்காவில் மறுபடி தெரியவந்தது. எப்படி என்றால், மரக்கட்டைகளை நட்டு அதில் வலேரியன் என்ற மூலிகைச் சாற்றைத் தடவி வைத்தார்கள். பூனைக்கு அந்த வாசனை என்றால் பைத்தியம். வந்து உரசிவிட்டுப் போகும், முடி ஒட்டிக்கொள்ளும், அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து வழியில் இருந்த ஒவ்வொரு கட்டையையும் பிள்ளைகள் முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள், அதனால் நடை மிக மெதுவானது. பூங்கா அலுவலகத்துப் பக்கத்தில் கூண்டுவெளியில் காட்டுப்பூனைகள் இருக்கின்றன. காட்டில் பார்க்கவே முடியாது, அதனால் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

21 ஆகஸ்ட் 2023

சரி, சரி, திருத்தியவர்கள் சொன்னது உண்மைதான். ஹார்டெக் வால்ட்ஃபியர்டலில் இல்லை. ஹொலாப்ரூன் மாவட்டம், ஆகவே திராட்சைக் கால்பங்கான வைன்ஃபியர்டல். பாறையையும் காட்டையும் பார்த்தால் அப்படித் தெரியாது. பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை.

10 செப்டம்பர் 2023

முதல் நாள் "அடர்ந்த ஊசியிலைக் காடு" என்று எழுதியிருக்கிறேன். பழைய ஞாபகத்தில் எழுதியது. நேற்று ஒரு பாதையில் போனோம், என் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் வெட்டவெளியாக இருந்தது, வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும். பட்டை வண்டு. வறண்ட வெப்பமான வருஷங்களில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் பலவீனமாகிப் பிசின் சுரக்க முடியாமல் போகும், வண்டு பட்டைக்கு அடியில் புகுந்து குடைந்துவிடும். 2018, 2019-ல் இந்தப் பக்கம் பயங்கர அடி. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு வளர்த்த காடு என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது பல இடங்களில் கலப்பாக நடுகிறார்கள்.

நடைமுறையில் உங்களுக்கு என்னவென்றால், நிழல் இருக்கும் என்று நம்பித் தொப்பியை விட்டுப் போகாதீர்கள். அப்புறம், வெட்டின மரத்தில் பட்டையை உரித்தால் உள்ளே வண்டு குடைந்த கோலம் இருக்கும். நடுவே ஒரு நேர்க்கோடு, இரண்டு பக்கமும் கிளைகள். பெரியவள் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தாள், பள்ளிக்கூடத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். காட்டை அழித்த பூச்சியின் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டாம்.

26 அக்டோபர் 2023

இன்று தேசிய தினம், நாடே நடைக்குக் கிளம்பும் நாள். நாங்களும் மோர்பாட் ஹார்பாக் பக்கம் நேபெல்ஸ்டைன் போனோம். 1017 மீட்டர். பெயருக்கே பனிமூட்டக் கல் என்று அர்த்தம், பெயரைக் காப்பாற்றியது, உச்சிப் பாறையிலிருந்து பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. எதிரே வந்த எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், வியன்னாவில் ஏன் யாரும் சொல்வதில்லை என்று பெரியவள் கேட்டாள். வியன்னாவில் சொன்னால் என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்றேன்.

05 எண் நெடும்பாதை அங்கேதான் தொடங்குகிறது. வடக்கிலிருந்து தெற்காக நாட்டையே கடந்து ஸ்டையர்மார்க் மாநிலத்தில் ஐபிஸ்வால்ட் என்ற ஊர் வரை, ஸ்லோவேனியா எல்லைக்குப் பக்கத்தில் முடிகிறது. பலகையைப் படித்துக் காட்டினேன். சின்னவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தான், நாங்களும் பின்னால் போனோம். இருநூறு மீட்டர் போயிருப்பான், ஒரு மரத்து வேரில் உட்கார்ந்து புளிசாதம் கேட்டான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இன்றைக்கு இவ்வளவு முடித்தாயிற்று, மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காரில் ஏறும்போது சொன்னான்.